மாமியின் கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் சட்டை

திராய்மடுவில் மாமியின் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால்தான் அது கண்ணில் படும். ஒரு ஆணி. அதில் பழைய குடை, பேரனின் தண்ணீர்ப் போத்தல், இரண்டுக்கும் அடியில் மடித்துத் தொங்கும் மஞ்சள் நிற றப்பர்ச் சட்டை. மழைச்சட்டை என்று நினைத்துப் பலபேர் கடந்து போயிருப்பார்கள். எனக்கு ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது. விமானத்தில் கதிரைக்கு அடியில் வைக்கும் உயிர்காப்பு அங்கி அது. ஏழு வருடம் அதை எண்ணித்தான் நான் சோறு தின்றேன்.

வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் எனக்கு இரவு வேலை. விமானம் வந்து ஆட்கள் இறங்கியதும் ஒரு கூட்டம் குப்பை அள்ளப் போகும், இன்னொரு கூட்டம் போர்வை மாற்றப் போகும். நானும் ஒரு நேபாளத்துப் பெடியனும் கையில் ஒரு தாளோடு முன் கதவிலிருந்து வால் வரைக்கும் நடப்போம். ஒவ்வொரு கதிரைக்கு அடியிலும் கையை விட்டு, அங்கிப் பை இருக்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். தீயணைக்கும் போத்தலின் முள் பச்சையில் நிற்கிறதா, புகைக்குள் போகும்போது பணியாளர் போட்டுக்கொள்ளும் தலைமூடியின் பை பிரியாமல் இருக்கிறதா, டோர்ச் லைற், கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி, முதலுதவிப் பெட்டி, குழந்தைகளுக்கான சின்ன அங்கிகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நாங்கள் இன்ஜினியர் இல்லை. ஆனால் எங்கள் தாள் போகாவிட்டால் விமானமும் போகாது. ஒரு இரவில் முந்நூறு தடவை குனிந்து நிமிர்ந்தவனின் முழங்காலைக் கேட்டால் மிச்சக் கதையைச் சொல்லும்.

அப்படிப்பட்டவனின் சிநேகிதன் வீட்டிலேயே இந்தச் சட்டை தொங்கினால் எப்படி இருக்கும்?

“எங்க எடுத்த மச்சான் இத?” என்று கேட்டேன். அவன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். மறுகா சொன்னான். 2008இல் லீவில் வந்தபோது கதிரைக்கு அடியிலிருந்து உருவி ஜக்கெற்றுக்குள் செருகிக்கொண்டு வந்தானாம். “அம்மாவுக்கு” என்றான். மேலே நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் நாவலடி ஆட்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, நடுவில் ஒடுங்கிய மணல். 2004 மார்கழி 26 சுனாமியில் அந்த மணலில் என்ன நடந்தது என்று மட்டக்களப்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு அவர்களைக் கொண்டுவந்து இருத்திய இடம்தான் திராய்மடு. வாசலில் நின்றால் கடல் தெரியாது. சட்டை மட்டும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

ஏசவில்லை, ஆனால் ஒன்றைச் சொன்னேன். நாங்கள் தாளில் குறைகிறது என்று எழுதியதில் அதிகமானது இந்தச் சட்டைதான். வேறு ஒன்று வைக்கக் கிடைக்காவிட்டால் அந்தக் கதிரையில் ஆளை இருத்தக் கூடாது. யாரும் கவனிக்காமல் போனாலோ, அடுத்த பயணத்தில் அதில் இருந்தவரின் கைக்கு வெறும் பைதான் வந்திருக்கும். “அத நான் யோசிக்கல்லடா” என்றான். உண்மையாகவே யோசித்திருக்க மாட்டான்.

அன்றைக்கு நான் போனது வேறு விசயத்துக்கு. மாமியின் மகள் டோஹாவில் பிள்ளைப்பேற்றுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். மாமி போக வேண்டும், முதல் பயணம், தனியாக. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ரெயிலிலேயே நாலைந்து தடவைதான் போயிருப்பார். “உள்ளுக்க எப்படி இரிக்கும் மனே? பஸ் போலயா?” என்றார். மகள் அனுப்பிய ரிக்கற்றில் எயார்பஸ் ஏ330-300 என்று இருந்தது. என் முழங்காலுக்கு மிகவும் பழக்கமான விமானம். முற்றத்து மணலில் ஒரு ஈர்க்கை எடுத்துக் கீறத் தொடங்கினேன்.

மூக்கிலிருந்து வால் வரை 63.7 மீற்றர். சிறகு நுனியிலிருந்து நுனிக்கு 60.3. முற்றத்தில் ஒரு காலடிக்குப் பத்து மீற்றர் என்று கணக்கு வைத்தும் கோடு வேலியில் போய் முட்டியது. உள்ளே அகலம் ஐந்தேகால் மீற்றருக்குச் சற்று மேல். இரண்டு கதிரை, நடைபாதை, நாலு கதிரை, நடைபாதை, இரண்டு கதிரை. பஸ் போலவா என்றால், இல்லை, மாடி வீடு போல என்று சொன்னேன். நாம் இருப்பது மேல் மாடி. காலுக்குக் கீழே அதே நீளத்துக்கு இன்னொரு உலகம் இருக்கிறது. விமானிகளின் காலடியில் கணினிப் பெட்டிகள் நிறைந்த அறை, அதற்குப் பின்னால் முன் சாமான் கிடங்கு, நடுவில் சிறகின் இடுப்பும் சில்லுகள் மடிந்து ஏறும் குழியும், அதற்குப் பின்னால் பின் கிடங்கு. மாமியின் பெட்டி போவது அங்கேதான். ஆக மொத்தம் பத்துச் சில்லுகள், மூக்கில் இரண்டு, நடுவில் எட்டு. உள்ளே அடைப்பது வெறும் காற்றில்லை, நைதரசன். கார் சில்லைப் போல ஆறேழு மடங்கு அழுத்தம்.

வாலில் ஒரு வளைந்த சுவர் இருக்கிறது, விரித்த குடையைக் குறுக்கே வைத்த மாதிரி. மனிதன் மூச்சு விடும் காற்றெல்லாம் அந்தச் சுவரோடு முடிகிறது. அதற்குப் பின்னால் வெளிக்காற்றுத்தான். 1985 ஆவணியில் ஜப்பானில் ஒரு போயிங் 747இன் அந்தச் சுவர் பறப்பிலேயே பிய்ந்து, வாலையும் கொண்டுபோனது. ஏழு வருடத்துக்கு முன் பிழையாகப் போட்ட ஒரு ஒட்டுத்தான் காரணம். 520 பேர் இறந்தார்கள். மாமியிடம் குடையைப் பற்றி மட்டும் சொன்னேன்.

“கதவு எத்தின?”

எட்டு. பக்கத்துக்கு நாலு. இது நல்ல கேள்வி. மாமி நாவலடியில் வாழ்ந்தவர், எந்த வழியால் ஓடலாம் என்று முதலில் பார்க்கும் பழக்கம் போகவில்லை. “பறக்கக்குள்ள ஆரும் விசரன் திறந்தா?” என்றும் கேட்டார். உயரத்தில் திறக்க ஏலாது. உள்ளே காற்று அழுத்தமாக இருக்கிறது, வெளியே மெலிந்து போயிருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கதவின் பரப்பால் பெருக்கிப் பார்த்தால் பத்துத் தொன்னுக்கும் மேல். பத்துத் தொன் சுமை கதவை அதன் சட்டத்தோடு சேர்த்து அமத்திக்கொண்டிருக்கிறது, யாரால் இழுக்க முடியும்? ஆனால் கீழே வர வர அந்த வித்தியாசம் கரைந்துவிடும். 2023 வைகாசியில் தென் கொரியாவில், நிலத்துக்கு இருநூறு மீற்றர் சொச்சம் இருக்கும்போது ஒருவர் கதவைத் திறந்தேவிட்டார். காற்று அடித்த அடியில் எல்லோர் முடியும் பறந்தது. விமானம் பத்திரமாக இறங்கியது.

பிறகு பெட்டி நிறுக்கும் படலம். மச்சான் நெல் நிறுக்கும் தராசைக் கொண்டுவந்தான். முப்பது கிலோ என்று ரிக்கற்றில் இருந்தது. முள் முப்பத்தி நாலைத் தாண்டியது. கருவாடு, மிளகாய்த்தூள், கஜு, பிள்ளைத்தாய்ச்சிக்கு இடித்த சரக்குத் தூள், எதை எடுக்கச் சொன்னாலும் மாமிக்கு முகம் கறுத்தது. “இவ்வளவு பெரிய பிளேன், நாலு கிலோவுக்கா கவிழப் போகுது?”

கவிழாதுதான். ஆனால் நிறை என்ற விசயத்தில் விமானத்துக்கு ஒன்றல்ல, மூன்று நாலு எல்லை இருக்கிறது. எனக்கு அதில் ஒன்று நெடுநாள் விளங்காமலே இருந்தது. 233 தொன் வகை ஏ330-300ஐ எடுத்துக்கொள்வோம். ஏறும்போது 233 தொன்னுக்கு மேல் கூடாது. சரி, தோணியின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் விடுவது போல. இறங்கும்போது 187க்கு மேல் கூடாது. அதுவும் விளங்குகிறது, தொம்மென்று நிலத்தில் குந்தும் கால்கள் தாங்க வேண்டுமே. ஏறின கையோடு ஏதாவது கோளாறு என்றால் சில விமானங்கள் உடனே இறங்காமல் வானத்தில் சுற்றிக்கொண்டிருப்பது அதனால்தான், எரிபொருளை எரித்து நிறையைக் குறைக்கிறார்கள். தீ என்றால் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பாரத்தோடேயே இறக்கிவிட்டு, பிறகு காலைப் பிரித்துச் சோதிப்பார்கள்.

மூன்றாவது எல்லைதான் என்னைக் குழப்பியது. எரிபொருளைக் கணக்கில் எடுக்காமல், விமானம், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து 175 தொன்னைத் தாண்டக் கூடாது. 233 வரை ஏற்றலாம் என்றால், எரிபொருளைக் குறைத்துச் சாமானைக் கூட்டினால் என்ன? ஒரு இரவு தேநீர் நேரத்தில் எங்களோடு வேலை செய்த ஒரு வயதான மெக்கானிக் ஒரு பலகையை எடுத்தார். இரண்டு நுனியையும் எங்கள் இருவரைத் தூக்கச் சொல்லி, நடுவில் ஒரு தண்ணீர்க் கலனை வைத்தார். பலகை வளைந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிறகு, கலன் உடம்பு. பிறகு அதே தண்ணீரில் பாதியை இரண்டு போத்தலில் ஊற்றி எங்கள் கைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். நிறை அதேதான், பலகை நிமிர்ந்தது. பெரும்பங்கு எரிபொருள் இருப்பது சிறகுக்குள். அது சிறகைக் கீழே அமத்தி வளைவைக் குறைக்கிறது. சாமான் எல்லாம் நடு உடம்பில், அது வளைவைக் கூட்டுகிறது. அதனால் ஒரு கிலோ கருவாடும் ஒரு கிலோ எரிபொருளும் விமானத்துக்கு ஒன்றல்ல.

மாமிக்கு இதைப் பலகை வைத்தே காட்டினேன். பார்த்துவிட்டு இரண்டு கிலோ கஜுவை எடுத்து வெளியே வைத்தார். கருவாட்டைத் தொடவில்லை.

மச்சானுக்கு நிறையை விட வேகத்தில்தான் ஆசை. இந்த விமானத்தின் மேல் எல்லை 41,100 அடி. அங்கே ஒலியின் வேகத்தில் 0.86 பங்குக்கு மேல் போகக் கூடாது. கூடினால் சிறகின் மேல் காற்றோட்டம் குலைந்து உதறத் தொடங்கும். குறைந்தாலும் ஆபத்து, காற்று அவ்வளவு மெலிந்த இடத்தில் மெதுவாகப் போனால் சிறகால் தூக்க ஏலாது. மேலே போகப் போக இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒடுங்கிக்கொண்டே வரும். மச்சான் இதைக் கேட்டதும் “முகத்துவாரத்தால போட் எடுக்கிற மாதிரி” என்றான். மெதுவாகப் போனால் அலை பக்கவாட்டில் பிரட்டிவிடும், விரட்டினால் அணியம் அலைக்குள் குத்தும். பாலமீன்மடுவில் போட் ஓட்டுகிறவனுக்கு நான் விளக்க என்ன இருக்கிறது.

மாமியின் பயம் குலுக்கலுக்கு. மகள் சொல்லியிருக்கிறாள், மழைக்காலத்தில் ஆடுமாம், செட்டை ஒடிந்துவிடுமோ என்று பயமாக இருக்குமாம். சிறகு ஆடுவது அது ஒடியாமல் இருப்பதற்காகத்தான், தென்னையைப் போல. இந்தளவு விமானங்களின் சட்டகம் தன் நிறையைப் போல இரண்டரை மடங்கு சுமை வரை பறப்பில் சந்திக்கலாம் என்று கணக்குப் போட்டு, அதற்கும் மேல் ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும் என்பது விதி. 1995இல் போயிங் 777இன் சிறகை வேண்டுமென்றே முறியும் வரை கயிறு கட்டி மேலே இழுத்துப் பார்த்தார்கள். கணக்கிட்ட எல்லையின் 150 சதவீதம் வரை முறியக் கூடாது. முறிந்தது 154இல். எனக்கு அதில் பிடித்தது, அது 200இல் முறியவில்லை என்பதுதான். தேவைக்கு மேல் இரும்பைக் கொட்டிப் பலமாகக் கட்டுவதற்கு அறிவு தேவையில்லை.

குலுக்கலில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் பெல்ற் போடாதவர்கள். மாமியிடம் அதை மூன்று தடவை சொன்னேன்.

அப்புறம் மூச்சு. ஜன்னலுக்கு வெளியே நாற்பதாயிரம் அடி என்றாலும் உள்ளே காற்றை அழுத்தி, அதிகபட்சம் 8,000 அடி மலையில் இருப்பது போல வைத்திருப்பார்கள். நுவரெலியா 6,100 அடி சொச்சம். பிதுருதலாகல உச்சி 8,281 அடி. அதாவது டோஹா போகும் வழியெல்லாம் மாமி இருக்கப் போவது நுவரெலியாவுக்கும் அந்த உச்சிக்கும் நடுவில் எங்கோ. காது அடைப்பதும், வாய் காய்வதும், சாப்பாட்டில் உப்பில்லாதது போலத் தோன்றுவதும் வருத்தமில்லை.

அந்தக் காற்று கசிந்து உள்ளே 14,000 அடி அளவுக்கு மெலிந்தால் மேல் பலகை திறந்து முகமூடி விழும். நான் பார்த்த விமானங்களில் அதிகமானவற்றில் தலைக்கு மேல் ஒட்சிசன் போத்தல் கிடையாது. சோடியம் குளோரேற்று நிரப்பிய ஒரு தகரக் குழாய்தான். முகமூடியை இழுத்தால் ஒரு ஊசி தட்டி, உள்ளே இரசாயனம் எரிந்து ஒட்சிசன் வரும். குழாய் கொதிக்கும், ஒல்லுப்போல எரிந்த மணமும் வரும், பயப்படத் தேவையில்லை. வருவது சாதாரணமாக ஒரு கால் மணி நேரத்துக்கு. தொங்குகிற பை ஊதாமல் இருந்தாலும் ஒட்சிசன் வந்துகொண்டுதான் இருக்கும். மூக்கும் வாயும் இரண்டும் மூடவேண்டும். வாயை மட்டும் மூடிக்கொண்டு இருப்பவர்களின் படங்கள் எத்தனையோ வந்திருக்கின்றன.

கால் மணி நேரம் போதுமா? போதும். விமானி அதற்குள் 10,000 அடிக்கு இறக்கிவிடுவார், அங்கே எல்லோரும் சாதாரணமாக மூச்சு விடலாம். பிரச்சினை முதல் ஒரு நிமிடத்தில்தான். 35,000 அடியில் ஒட்சிசன் இல்லாமல் மூளை வேலை செய்வது முப்பது செக்கனிலிருந்து ஒரு நிமிடம். அதனால்தான் முதலில் உனக்குப் போடு, பிறகு பிள்ளைக்கு என்கிறார்கள். மாமிக்கு அது பிடிக்கவில்லை. “எந்தத் தாய் மனே அப்படிச் செய்வாள்?” நான் வாதாடவில்லை. 2005இல் சைப்பிரசிலிருந்து புறப்பட்ட ஒரு விமானத்தில் காற்றழுத்தச் சுவிச்சு கைமுறையில் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. எச்சரிக்கை ஒலித்தது, விமானிகள் வேறு ஏதோ என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் நினைப்பதற்கே ஒட்சிசன் இல்லை. விமானம் தன்பாட்டில் ஏதென்சுப் பக்கம் சுற்றி, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 121 பேர். முகமூடி, போத்தல், எல்லாம் அந்த விமானத்திலும் இருந்தன.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் தாள் ஞாபகம் வரும். ஏழு வருடம் நான் தடவிப் பார்த்ததெல்லாம் எல்லை தாண்டிய பிறகு தேவைப்படுகிற சாமான்கள். அந்தத் தேவை வராமல் வைத்திருந்தது வேறு யாரோ எங்கோ எழுதி வைத்த எண்கள். எங்கள் நாட்டிலேயே 1974 மார்கழியில், ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த டிசி-8 விமானம் மஸ்கெலியாப் பக்கம் சப்த கன்னி மலையில் மோதியது. கொழும்பை நெருங்கிவிட்டோம் என்று நினைத்து, இறங்கக் கூடாத இடத்தில் இறங்கினார்கள். 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஒவ்வொரு கதிரைக்கு அடியிலும் நான் எண்ணியது போல ஒரு சட்டை இருந்திருக்கும்.

அதற்காகச் சாமான் வீண் என்று சொல்லவில்லை. வெளியேறுகிற விசயத்தில் அது உயிர். கதவைப் பணியாளர்கள் ‘ஆர்ம்’ பண்ணி, அதாவது சறுக்கியைக் கதவோடு கொழுவி ஆயத்தமாக வைத்திருந்தால், திறந்தவுடன் அது தானாக வெடித்துப் பத்துச் செக்கனுக்குள் ஊதி நிற்கும். அதனால்தான் நாங்கள் உள்ளே வேலை செய்யும்போது கதவுப் பிடியைத் தொட்டால் கையை வெட்டுவேன் என்று சூப்பர்வைசர் கத்துவார். விதி என்ன சொல்கிறதென்றால், பாதிக் கதவுகள் மட்டும் திறந்து, இருட்டில், நிறைந்த விமானத்தை 90 செக்கனில் காலி செய்து காட்ட வேண்டும். 2006இல் ஹம்பேர்க்கில் ஏ380இலிருந்து 873 பேர் 78 செக்கனில் வெளியே வந்தார்கள். அது பரீட்சை, எல்லோரும் தயாராக வந்தவர்கள். நிசம் வேறு மாதிரி. 2024 தை 2ஆம் திகதி தோக்கியோ ஹனேடாவில் தரை தொட்ட ஏ350 இன்னொரு சிறு விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. எட்டுக் கதவில் மூன்றுதான் பாவிக்க முடிந்தது. ஒலிபெருக்கி அமைப்பு செத்துவிட்டது. பணியாளர்கள் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியோடும் வெறும் தொண்டையோடும் கத்தினார்கள். கடைசி ஆள் இறங்க 18 நிமிடம் ஆனது, 379 பேரும் உயிரோடு வந்தார்கள். சின்ன விமானத்தில் ஐந்து பேர் இறந்தது தனிச் சோகம். அந்தச் செய்தியைப் பார்த்த இரவு, நான் எத்தனையோ ஆயிரம் தடவை பற்றரி அமத்திப் பார்த்த அந்த அசிங்கமான ஒலிபெருக்கியை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, சொல்லக் கூடாதா?

அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை என்று எல்லோரும் எழுதினார்கள். மாமியிடம் சொன்னேன். “மேல வைக்கிற பைக்க கருவாடு இரிக்கும்” என்றார். விட்டுட்டு ஓடணும் மாமி. “தாலிக்கொடியும் அதுக்கதான்.” அதைக் கழுத்தில் போடுங்க.

பிறகு எண்ணச் சொன்னேன். இருந்தவுடன் தன் கதிரையிலிருந்து முன் கதவுக்கு எத்தனை வரிசை, பின் கதவுக்கு எத்தனை வரிசை. புகை வந்தால் கண் உதவாது, கைதான். 1983இல் கனடாவின் ஒரு விமானத்தில் கழிவறைப் பக்கம் தீ. இறங்கியும்விட்டார்கள். கதவு திறந்து ஒரு நிமிடம் சொச்சத்தில் உள்ளே எல்லாம் பற்றிக்கொண்டது, 46 பேரில் 23 பேர் வெளியே வரவில்லை. கழிவறைப் புகை உணரியும், நடைபாதை ஓரத்து வெளிச்சக் கோடும் அதற்குப் பிறகு வந்த விதிகள். சிகரெட் தடை என்று எழுதியிருக்கும் கழிவறைக் கதவிலேயே சாம்பல் கிண்ணம் ஏன் இருக்கிறது என்று சிரிக்கிறவர்கள் உண்டு. தடையை மீறி ஒருவன் குடித்தே தீருவான், அவன் துண்டைக் கடதாசிக் குப்பைக்குள் போடக் கூடாதே. 1973இல் பாரிசுக்குப் பக்கத்தில் 123 பேர் இறந்த தீ கழிவறையில்தான் தொடங்கியது. அந்தக் கிண்ணம் இல்லாவிட்டால் அதையும் நாங்கள் குறை என்று எழுத வேண்டும்.

இந்தக் கதையெல்லாம் சொல்கிறவனும் யோக்கியன் இல்லை. ஒரு றமழான் இரவு, ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள். பின் வரிசைகளில் குனியாமலே சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன். ஒரு பரிசோதகர் பின்னாலேயே வந்து கையை விட்டுப் பார்த்தார். 38ஆம் வரிசையில் இரண்டு இல்லை. எச்சரிக்கைக் கடிதம், மூன்று நாள் சம்பளம் வெட்டு. இரண்டு சட்டைக்கு மூன்று நாள் சம்பளமா என்று பல மாதம் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தேன்.

கடைசியாகச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்தேன். மாமிக்கு விருப்பமில்லை, இருந்தாலும் விட்டார். மடிப்பு விரித்தபோது றப்பர் ஒட்டிக்கொண்டு பிரிந்தது. லேபிளில் தயாரித்த திகதி 2003. அடுத்த சோதனைத் திகதி எப்போதோ போய்விட்டது. கீழே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சின்ன உருக்குக் குப்பி, அதற்குள் காபனீரொட்சைட்டு. குப்பியின் கழுத்தில் நிறை குத்தியிருக்கும். கொம்பனியில் அதைத் தராசில் வைத்து, சில கிராம் குறைந்திருந்தாலும் கழித்துவிடுவார்கள். இங்கே தராசு தேவைப்படவில்லை. கழுத்துத் துருப் பிடித்து, நூலை இழுத்தால் ஊசி அசையவே இல்லை. தண்ணீர் பட்டால் எரியும் சின்ன லைற்றின் பற்றரியும் செத்திருந்தது. விசில் மட்டும் நன்றாக ஊதியது. பேரன் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

மிச்சம் வாயால் ஊதும் குழாய். ஊதினேன். சட்டை மெதுவாக நிமிர்ந்தது. மாமிக்குப் போட்டு, இடுப்புப் பட்டியை இறுக்கிக் காட்டினேன். நாவலடியில் அத்தனையும் பார்த்த மனிசி, கழுத்தில் மஞ்சள் பலூனோடு முற்றத்தில் நின்று வெட்கப்பட்டுச் சிரித்தார்.

“கதவுக்கு வெளிய போய்த்தான் ஊத வைக்கணும் மாமி. உள்ளுக்க ஒருக்காலும் ஏலா.” 1996இல் கொமொரோசுக் கடலில் விழுந்த விமானத்தில் பலபேர் உள்ளேயே நூலை இழுத்துவிட்டார்கள். தண்ணீர் நிறைய நிறைய, சட்டை அவர்களைக் கூரையோடு கொண்டுபோய் ஒட்டியது. கதவு கீழே இருந்தது, மூழ்கிப் போய்ப் பிடிக்க முடியவில்லை. 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். இதை மாமியிடம் முழுக்கச் சொன்னேன். தண்ணீரைப் பற்றி அவரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் பட்டியைக் கழற்றினார்.

ஊதிய சட்டையைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். விடியப் பார்த்தபோது பாதிக்குமேல் காற்று போய்விட்டதாம். மச்சான் எறியப் பார்த்தான், மாமி விடவில்லை. அவனுக்கு போட்டில் போட, உள்ளே பஞ்சு வைத்த ஒரேஞ்சு நிறச் சட்டை ஒன்றை ரவுணில் வாங்கினோம். அதற்கு நூலும் இல்லை, குப்பியும் இல்லை. பழையது மறுபடியும் ஆணிக்குப் போனது.

மாமியை வழியனுப்பும்போது பேரன் கேட்டான், ஏன் மட்டக்களப்பு எயர்போர்ட்டிலிருந்து போக ஏலாது என்று. நியாயமான கேள்வி, வலையிறவுப் பக்கம் போனால் ஓடுபாதை கிடக்கிறதே. 1958இல் திறந்தது. நீளம் ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுதான். பாட்டியின் விமானம் முழுப் பாரத்தோடு எழும்ப இரண்டரைக் கிலோமீற்றர் அளவில் வேண்டும். கட்டுநாயக்காவில் 3,350 மீற்றர் இருக்கிறது. “நீட்டினா?” என்றான். ஒரு பக்கம் களப்பு, மறு பக்கமும் களப்பு. ஆக, பொலன்னறுவை வழியாக இராப் பஸ்தான்.

நாலாம் நாள் டோஹாவிலிருந்து அழைப்பு வந்தது. பேத்தி பிறந்துவிட்டாள், மூன்று கிலோ. கருவாடு பத்திரமாக வந்து சேர்ந்ததாம். காது ஒல்லுப்போல அடைத்ததாம். சாப்பாட்டில் உப்பில்லையாம்.

“கதவு வரைக்கும் ஏழு கதிரை மனே, எண்ணினன். பின்னால பதினொண்டு.” கொஞ்சம் நிறுத்தினார். “அந்தச் சட்டையும் கீழ இருந்திச்சி. கையால தொட்டுப் பாத்தன். எடுக்கல்ல.”